மாமாவின் மூச்சை நான்தான் அளந்தேன்

ஒரு ஆளின் முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்" என்று ஆறு நொடி கத்துவதுதான் என் வேலையாக இருந்தது. மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் அட்டைக் குழாயை வைத்து, நெஞ்சு நிறைய இழுத்த மூச்சை அவர் ஒரே தம்மில் வெளியே தள்ள வேண்டும். எவ்வளவு காற்று வருகிறது என்று எந்திரம் கோடு போட்டுக் காட்டும். மூன்று முறை ஊதச் சொல்லி, அதில் எது நன்றாக வந்ததோ அதை எழுதிக்கொள்வேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. லேப் டெக்னீஷியன் டிப்ளமோ முடித்துவிட்டு, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். தொழிற்சாலைத் தூசியால் வரும் நாள்பட்ட நுரையீரல் நோய்தான் அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம். தமிழ், கன்னடம் இரண்டும் சரளமாகப் பேசுவேன், மார்க்கெட்டில் பேசுகிற உருதுவும் வரும். தொழிலாளிகளிடம் பேச ஆள் வேண்டுமென்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று தொழிற்சாலைகளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அதில் பொம்மசந்திராவில் இருந்த ஒன்று, என் மாமா வேலை பார்க்கிற இடம்.

மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு லிங்கராஜபுரத்தில் அக்கா வீட்டில்தான் நான் வளர்ந்தேன். என்னை டிப்ளமோ படிக்க வைத்தது மாமாதான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்று மாதா கோயில் வாசலில் கேட்டவர்களிடம், "அது படிக்கட்டும், உங்களுக்கு என்னா கஷ்டம்" என்று கேட்டவர். தினமும் இரண்டு பஸ் மாறி ஓசூர் ரோட்டில் போய் இறங்குவார். வார்த்து எடுத்த இரும்புச் சாமான்கள் மேல் மணலைக் காற்றோடு பீய்ச்சி அடித்துச் சுத்தம் செய்கிற வேலை. பிளாஸ்டிங் என்பார்கள். பதினோரு வருடமாக அதில்தான் இருந்தார். வீட்டுக்கு வரும்போது அவர் புருவமயிர் வெள்ளையாக இருக்கும். முகமூடிக்குப் பதிலாகத் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். ஷிப்டு முடிந்ததும் கம்பெனி ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுக்கும். வெல்லம் தின்றால் தொண்டையில் இருக்கிற தூசி வயிற்றுக்கு இறங்கிவிடுமாம். பதினோரு வருடம் அந்த வெல்லத்தை நம்பினார்கள். கொடுத்தவர்களும் நம்பினார்களா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருக்க மாட்டார்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

திட்டத்தை நடத்தியவர் ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயசு இருக்கும். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் பேசுவார், யாரையும் அதட்ட மாட்டார். என் அக்கா வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியில்தான் இருக்கிறார் என்று முதல் வாரமே சொல்லிவிட்டேன். அவருக்குச் சந்தோஷம்.

"ரொம்ப நல்லது. தொழிலாளிங்க பயந்து வராம இருப்பாங்க. அவர் சொன்னா வருவாங்க" என்றார்.

மாமா சொன்னார். பிளாஸ்டிங்கில் இருந்த அத்தனை பேரையும் கேன்டீன் மூலைக்கு வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "நம்ம பாப்பாதான் டெஸ்ட் பண்ணுது, சும்னே ஊதினாப் போதும், ஊசி கீசி ஒன்னும் கெடையாது" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். ஒவ்வொருவரிடமும் நான் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினேன். கன்னடத்தில் அச்சடித்த படிவம். தமிழ் ஆட்களுக்கு நானே தமிழில் சொன்னேன். அதில் ஒரு வரி: தனிநபரின் பரிசோதனை முடிவுகள் ரகசியமாக வைக்கப்படும். நான் அதை, "உங்க விஷயம் வெளியே யாருக்கும் போகாதுண்ணே" என்று சொன்னேன். கேட்டவர்களுக்கு நிம்மதியாக இருந்தது. உங்களுக்கே சொல்ல மாட்டோம் என்பதுதான் அந்த வரியின் பொருள் என்று அப்போது எனக்கும் தெரியாது.

மாமா கடைசியாக உட்கார்ந்தார். கிளிப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். இழுத்து ஊதினார். இரண்டு நொடிக்குள் இருமல் வந்துவிட்டது. மறுபடி ஊதினார். மறுபடி இருமல். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு முழுக்க ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. கோடு கொஞ்ச தூரம் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அவர் வயசுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது.

"எப்படி பாப்பா? பாஸா?" என்றார்.

"டாக்டர் பாத்துச் சொல்வாங்க மாமா" என்றேன்.

அன்று சாயந்திரம் கல்லூரிக்குத் திரும்புகிற வேனில் டாக்டரிடம் கேட்டேன், இவர்களுக்கெல்லாம் எப்போது சொல்வோம் என்று.

"தனித்தனியா சொல்ல மாட்டோம்மா. மேனேஜ்மெண்ட் அந்தக் கண்டிஷன்லதான் உள்ள விட்டிருக்காங்க. மொத்த ரிப்போர்ட் அவங்களுக்குப் போகும். நாம ஒருத்தர்கிட்ட சொன்னாலும் கதவை மூடிடுவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் நம்மள உள்ள விடாது. இது முடிஞ்சா ஆயிரக்கணக்கான பேருக்கு நல்லது நடக்கும். கொஞ்சம் பொறுமையா இரு."

நான் பொறுமையாக இருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அந்த வேலை பெருமையாக இருந்தது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அட்டை, மேசையில் கம்ப்யூட்டர். ரகசியம் காப்பேன் என்று நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தேன். டாக்டர் பொய் சொல்கிறவர் அல்ல. அவர் சொன்னதை அவரே முழுசாக நம்பினார். நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரே முடிவுகள் வந்தன. படத்தைப் பார்த்த டாக்டர்களுக்குப் பேர் தெரியாது, நம்பர்தான் தெரியும். எனக்கு மாமாவின் நம்பர் தெரியும். இரண்டு பக்கத்து நுரையீரலிலும் மேல்பாதி முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளிகள் என்று போட்டிருந்தது. மணல் தூசி உள்ளே போய்ப் படிந்து நுரையீரலைத் தழும்பாக்கிவிடுகிற நோய். சிலிகோசிஸ் என்று பேர். அதற்கு மருந்து கிடையாது. தூசியை விட்டு விலகுவதுதான் செய்ய முடிந்த ஒரே காரியம். அந்த வரியை நான் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். மறுநாள் காலையில் மாமா எப்போதும்போல டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அதே தூசிக்குப் போனார். கதவு வரைக்கும் போய் டாட்டா காட்டினேன்.

அதோடு போகவில்லை. மாமாவுக்கு இருமல் முற்றி, மெலிந்துகொண்டே வந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே ஒருமுறை ஆஸ்பத்திரியில் டிபி என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சளியில் கிருமி எப்போதுமே தெரிந்ததில்லை. எக்ஸ்ரேயில் புள்ளி இருக்கிறது, ஆள் இளைத்திருக்கிறான், தமிழ்க் கூலிக்காரன், அப்படியென்றால் டிபிதான். அவ்வளவுதான் அவர்கள் கணக்கு. இப்போது மறுபடி போனதும், பழைய நோய் திரும்பிவிட்டது என்று சொல்லி இந்தத் தடவை ஊசியும் சேர்த்து எழுதினார்கள். வாரத்துக்கு மூன்று ஊசி.

அக்கா பயந்துவிட்டாள். வீட்டில் ஏழு வயசுப் பெண் குழந்தை. மாமாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். டம்ளர் மாறிவிடக் கூடாதென்று அடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்தாள். குழந்தையை என்னோடு படுக்க வைத்தாள். அது அப்பா மடியில் ஏறப் போனால் கையைப் பிடித்து இழுப்பாள். மாமாவே கொஞ்ச நாளில் குழந்தையைப் பார்த்தால் துண்டால் வாயை மூடிக்கொண்டு தள்ளி உட்காரப் பழகிவிட்டார். இரண்டாவது மாதம், "காதுல வண்டு கத்துற மாதிரியே இருக்குது பாப்பா" என்றார். அந்த ஊசி சில பேருக்குக் காதைக் கெடுக்கும் என்று நான் படித்திருக்கிறேன். இடது காது அவருக்கு அதற்கப்புறம் சரியாகக் கேட்கவே இல்லை.

இதெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. ஒரு மாத்திரைகூட, ஒரு ஊசிகூடத் தேவையில்லை என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மாமா அறையின் அந்த மூலையில், சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். குழந்தை தன் தட்டிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து, "அப்பாவுக்கு" என்று எழுந்தது. அக்கா அதன் முதுகில் ஒன்று வைத்தாள். குழந்தை அழவில்லை, கறித்துண்டைத் தன் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு உட்கார்ந்தது. நான் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னேன்.

"அக்கா, மாமாவுக்கு டிபி இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். ஊதியது, கோடு, எக்ஸ்ரே, மணல் தூசி. மாமா தட்டைக் கீழே வைத்துவிட்டு வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார்.

"உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?" என்றார்.

"ஏழு மாசமா."

அடுத்துக் கேட்டது அக்காதான். "ஏழு மாசமா எங்கூட ஒரே அடுப்புல சமைச்சி, ஒரே கூரையில படுத்து, வாயத் தொறக்கலையா நீ? இந்த மனுஷன நான் தெருநாய் மாதிரி ஒதுக்கி வச்சி சோறு போட்டேனே, பாத்துக்கினு இருந்தியா?"

ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அக்கா அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் வாசலில் எறிந்தாள். என்னோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. எனக்குச் சோறு போட்டாள், பேசத்தான் இல்லை.

திங்கட்கிழமை கல்லூரி அலமாரியிலிருந்து மாமாவின் எக்ஸ்ரே படத்தை எடுத்துப் பைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். மாமாவைக் கூட்டிக்கொண்டு வேறொரு ஆஸ்பத்திரியில் வயசான ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனேன். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"என்ன வேலை பண்றீங்க?" என்று மாமாவிடம் கேட்டார்.

அந்தக் கேள்வியை இரண்டு தடவை டிபி மருந்து கொடுத்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறாய், குடிப்பாயா, பீடி இழுப்பாயா, வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கேட்டார்கள். எட்டு மணி நேரம் எங்கே நின்று மூச்சு விடுகிறாய் என்று கேட்கவில்லை. அந்த அறையில் என் கையில் எது கிடைத்தாலும் உடைத்திருப்பேன்.

"மருந்தை நிறுத்திடுங்க. இனிமே தூசிக்குப் போகாதீங்க. போனது திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா கேட்டார், "எங்கூட ஊதினாங்களே, மத்தவங்க? அவங்களுக்கு?"

அவர்களில் பதினாலு பேருக்குப் புள்ளிகள் இருந்தன. அடுத்த வாரம் உட்கார்ந்து பதினாலு சீட்டு எழுதினேன். ஒவ்வொன்றிலும் அந்த ஆளின் பேர், அவர் மூச்சு எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது, காரணம் மணல் தூசி, டிபி என்று யாராவது சொன்னால் என்ன வேலை செய்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் எழுதினேன். மாமா அதை டிபன் டப்பாப் பைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவர்கள் எல்லோரும் சீட்டும் கையுமாக மேனேஜர் அறைக்குப் போய்விட்டார்கள். அதற்கு அடுத்த நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். மேசை மேல் ஒரு சீட்டு கிடந்தது. என் கையெழுத்து.

"இது நீ எழுதினதா?"

"ஆமா மேடம்."

"ஸ்டடி முடிஞ்சுபோச்சு, தெரியுமா? மூணு கம்பெனியும் போன் பண்ணிட்டாங்க. மூணு வருஷ உழைப்பு. நீ கையெழுத்துப் போட்டுக் குடுத்த வாக்கை மீறியிருக்க."

"அவங்க நெஞ்சுக்குள்ள இருக்கிறது அவங்களுக்குத் தெரியக் கூடாதா மேடம்?"

"தெரியணும். அதுக்கு ஒரு முறை இருக்கு."

"என் மாமாவுக்கு ரெண்டு மாசம் ஊசி போட்டாங்க. காது போச்சு. அந்த முறை எப்ப வரும்னு நான் அவர்கிட்ட சொல்லட்டும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஊசி விஷயம் அவருக்குத் தெரியாது. "என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். முதல் நாளே வேனில் வந்து கேட்டேனே என்று சொன்னேன். அது அவருக்கு நினைவில்லை. உண்மையாகவே நினைவில்லை, முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. அலமாரிச் சாவியை வைத்துவிட்டுப் போகச் சொன்னார். வைத்துவிட்டு வந்தேன்.

நல்லது செய்தேன் என்று என்னால் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல முடியவில்லை. பதினாலு பேரில் நிரந்தர வேலையில் இருந்த ஐந்து பேரையும், கூடவே மாமாவையும், பேக்கிங்குக்கு மாற்றினார்கள். மற்ற ஒன்பது பேரும் கான்ட்ராக்ட். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று கேட்டிலேயே சொல்லிவிட்டார்கள். அதில் ஒருவர் வீடு தேடி வந்தார். தர்மபுரிப் பக்கத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயசு மூத்தவராக இருக்கலாம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"படிச்சிருக்கியே, ஒனக்கு இது தோணலியாம்மா? சீட்டக் காட்டினா கம்பெனி மால போடும்னு நெனச்சியா?" என்றார். "செத்தாலும் இன்னும் பத்து வருசம் வேல பாத்துட்டுச் செத்திருப்பேன். புள்ளைங்க ஆளாயிருக்கும்."

பிறகு, "ஆனா சொல்லாம இருந்திருந்தாலும் ஒன்ன மன்னிச்சிருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். வேறு ஒரு பட்டறையில், அதே பிளாஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தார் என்று மாமா பிற்பாடு சொன்னார்.

ஆராய்ச்சி முடிந்துபோகவில்லை. இருந்த கணக்கை வைத்துக்கொண்டே டாக்டர் கட்டுரை எழுதினார். இரண்டு வருடம் கழித்து, நான் வேறொரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, தெரிந்தவர் ஒருவர் மூலம் அது கைக்கு வந்தது. நல்ல கட்டுரை. பொய் ஒரு வரிகூட இல்லை. மணல் தூசிதான் காரணம் என்று தெளிவாக நிறுவியிருந்தார். அட்டவணையில் என் மாமா ஏதோ ஒரு சதவீதக் கணக்குக்குள் இருந்தார். தொழிலாளர்களுக்கு அவ்வப்போது பரிசோதனை நடத்துவது நல்லது என்று பரிந்துரை. கடைசியில், ஒத்துழைப்பு தந்த நிர்வாகங்களுக்கு நன்றி. ஊதினவர்களுக்கு நன்றி இல்லை. வேலை போன ஒன்பது பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதை நாலாக மடித்து, பிறகு கிழித்துப் போட்டேன்.

கம்பெனியில் மணலை நிறுத்தினார்கள், உண்மைதான். மூடின அறைக்குள் எந்திரமே இரும்புக் குண்டுகளை அடிக்கிற மாதிரி மாற்றினார்கள். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் பார்வையிட வந்தபோது முகம் சுளித்தார்களாம், அதனால். கட்டுரையைப் படித்து அல்ல.

மாமா பேக்கிங்கில் நாலு வருடம் தாக்குப் பிடித்தார். அப்புறம் பஸ் ஏற முடியவில்லை. வாசலிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை நிற்பார். குழந்தை பெரியவளாகி, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடம் படிப்பாள். அக்கா என்னோடு பேச ஆரம்பித்தது அந்த நாட்களில்தான். மன்னித்துப் பேசினாள் என்று சொல்ல முடியாது. ஆக்சிஜன் சிலிண்டர் திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்க வேண்டியிருந்தது, கேட்டாள். அப்படியே தொடர்ந்தது. மாமா மட்டும் என்னிடம் ஒருநாளும் முகம் கோணியதில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார், காலை பத்து மணிக்கு. சாவுக்குக் காரணம் எழுதுகிற தாளில் டியூட்டி டாக்டர், பழைய டிபி என்று எழுதியிருந்தார். பழைய சீட்டுகளைப் பார்த்து எழுதியிருக்கிறார், சின்னப் பையன். நான் படித்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் இனி முடியாது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக அந்த டியூட்டி டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"என் வீட்டுக்காரருக்கு டிபி இல்ல. மாத்தி எழுதுங்க."

"இனிமே அதுல என்னம்மா இருக்கு? பாடிய வாங்கிட்டுப் போங்க."

"மாத்தி எழுதற வரைக்கும் வாங்க மாட்டோம்" என்றாள் அக்கா.

எக்ஸ்ரே படத்தையும் வயசான டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் எடுத்து வர நான் வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோதும் அக்கா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லையாம். மத்தியானம் மூன்று மணிக்குத் தாள் மாறியது. அதற்கப்புறம்தான் மாமாவைக் கல்லறைக்கு எடுத்துக்கொண்டு போனோம்.

அந்தத் தாளை வைத்து அக்கா கம்பெனி மேல் வழக்குப் போட்டாள். அவர் பிளாஸ்டிங்கில் இருந்ததற்கு ரெக்கார்டு இல்லை, பேக்கிங்கில்தான் இருந்தார் என்று கம்பெனி வக்கீல் சொல்கிறார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அக்கா, மாமா படுத்த பிறகு சேர்ந்த வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போகிறாள். நானும் போகிறேன். என்ன தெரியும் என்று கேட்டால், அவர் மூச்சை அளந்தவள் நான்தான் என்று கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.